லிஃப்ட்காரர் சொன்ன ஐந்து

எங்கள் நால்வரில் கோல்ஃபுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் லிஃப்ட்காரர். அவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் மெக்கானிக். அவரை இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்தது நான்தான் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. இழுத்து வந்தவர் எங்களில் ஒருவரான பல் டாக்டர்.

ஒரு சனிக்கிழமை மாலை பல் டாக்டர் தன் மருத்துவமனைக் கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். தோளில் கோல்ஃப் மட்டைகள் அடங்கிய நீண்ட பை. லிஃப்ட்காரர் வந்து மேலே ஏறி, கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். வியர்வையில் நனைந்து நின்ற டாக்டரையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்பி உள்ள வெச்சுக்கிட்டு ஒரு கதவத் திறக்க முடியலையா உங்களால?" என்று கேட்டார். டாக்டருக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலைப் படகில் அவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். படகுத்துறையில் என்னைப் பார்த்ததும், "சகலை, நீங்களுமா இந்தக் கூத்துல?" என்றார் லிஃப்ட்காரர்.

எங்கள் நகரத்துக்கு எதிரே கடலில் சில தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் கோல்ஃப் மைதானங்கள். பணக்காரர்களுக்கானவை அல்ல, தபால்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆடுகிற, நகராட்சி பராமரிக்கிற மைதானங்கள். ஒன்று பாறைத் தீவு. அங்கே ஆறாவது குழிக்குப் பந்தை அடிக்க வேண்டுமென்றால் ஒரு கடற்கழியைத் தாண்டி அடிக்க வேண்டும். கீழே அலை மோதும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இன்னொன்று உப்பளத் தீவு. பச்சைப் புல்லுக்கு அப்பால் வெள்ளைப் பாத்திகள். வெயில் ஏறினால் கண் கூசும். மூன்றாவது கலங்கரை விளக்கம் உள்ள தீவு. மூன்றிலும் அதுதான் அழகு. பதினான்காவது குழிக்குப் பக்கத்தில் நின்றால் நாலா பக்கமும் கடல் தெரியும்.

முதல் சில மாதங்கள் லிஃப்ட்காரரின் பந்து போகாத இடமில்லை. எங்கள் நாலாவது ஆளான பேக்கரிக்காரர், "இவரு பந்து மீனுக்கு, நம்ம பந்து குழிக்கு" என்பார். ஆனால் விட்டுவிடுகிற ஆள் இல்லை. இரண்டு வருடத்தில் டாக்டருக்குச் சமமாக ஆட ஆரம்பித்துவிட்டார்.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆடுகிற கோல்ஃபில் நடுவர் கிடையாது. ஒவ்வொரு குழியும் முடிந்ததும் ஆடியவர் தான் எத்தனை அடி அடித்தோம் என்று தன் வாயால் சொல்வார். இன்னொருவர் அட்டையில் எழுதுவார். எங்களில் எழுதுவது நான். யார் சொன்னதையும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்பது என்பது ஒருவரின் சட்டைப்பையில் கைவிட்டுப் பார்ப்பது போல. ஒருமுறை பாறைத் தீவில் ஒரு போட்டியின் கடைசிக் குழியில், லிஃப்ட்காரர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தபோது பந்து புல்லுக்குள் லேசாக உருண்டது. பார்த்தவர் யாருமில்லை. "அசைஞ்சுடுச்சு. தண்டனையா ஒண்ணு சேத்து எழுதுங்க" என்றார். அந்த ஒன்றால் கோப்பை போயிற்று. அன்றிலிருந்து படகில் வருகிற மற்றக் குழுக்காரர்கள்கூட அவரைப் பார்த்தால் தலையசைப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். வீட்டில் மட்டும் சொல்வாராம்.

தொல்லை உப்பளத் தீவில் தொடங்கியது. மூன்றாவது குழி. அவருடைய முதல் அடி நீளமாகப் போய் உயரப் புல்லில் விழுந்தது. இரண்டாவது, புல்லிலிருந்து வெளியே. மூன்றாவது நேராக மணல் குழியில். மணலிலிருந்து அடித்தது வெளியே வராமல் மறுபடியும் மணலிலேயே உருண்டது. அடுத்த அடியில் வெளியேறியது. பிறகு குழி அருகே இரண்டு தட்டு. நாங்கள் மூவரும் பக்கத்திலேயே நின்றிருந்தோம். ஏழு.

"அஞ்சு" என்றார் லிஃப்ட்காரர், பந்தைக் குழியிலிருந்து எடுத்தபடி.

பேனா என் கையில் நின்றது. பேக்கரிக்காரர் சிரித்தார். "மணல்ல விவசாயம் பண்ணினத கணக்குல சேக்கலையா பாஸ்?"

"எந்த மணல்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. நான் ஏழு என்று எழுதினேன். லிஃப்ட்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார், முகம் சிவந்தது.

அடுத்த வாரம் பாறைத் தீவில் இரண்டு இடங்களில் அப்படியே நடந்தது. இரண்டாவது முறை டாக்டர் வாயைத் திறந்துவிட்டார்.

"லிஃப்ட், ஒரு தடவன்னா மறதி. தடவைக்குத் தடவ குறைச்சலாவே மறக்குதே, அது என்ன மறதி? ஒரு நாளாவது அதிகமா மறக்கக் கூடாதா?"

"டாக்டர், நான் திருடறேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லல. நீங்க சொன்ன நம்பரத்தான் சொல்றேன்."

"எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம். நாலு அடிச்சேன், நாலுன்னேன்."

"ஆறு. சகலையக் கேளுங்க. உங்க வீட்டு ஆளுதான்."

என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஆறு என்றேன். அவர் மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். திரும்பும் படகில் அவர் ஒரு பக்கப் பெஞ்சிலும் நாங்கள் மறுபக்கத்திலும் உட்கார்ந்திருந்தோம். அந்த மாதம் தீவுகளுக்கு இடையிலான போட்டி. அணித் தலைவர் டாக்டர். பெயர்ப் பலகையில் லிஃப்ட்காரர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததே பதிலாகிவிட்டது. தலையசைத்தவர்கள் இப்போது அவரைக் கண்டதும் கடலைப் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"சகலை, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். நான் எண்ணினது தப்பா, நீங்க மூணு பேரும் எண்ணினது தப்பா?"

"மூணு பேருக்கும் ஒரே மாதிரி தப்பு வருமா?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன். ஞாயித்துக்கிழம நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம். எனக்குத் தெரிஞ்சாகணும்."

கலங்கரை விளக்கத் தீவுக்குப் போனோம். அங்கே அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பிடி வாஷர்களை எடுத்தார். லிஃப்ட் வேலையில் போல்ட்டுக்கு அடியில் வைக்கிற இரும்பு வளையங்கள். எல்லாவற்றையும் கால்சட்டையின் இடது பையில் போட்டுக்கொண்டார். "ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணு வலது பைக்குப் போகும். நான் மனசுலயும் எண்ணுவேன். நீங்க வாயே திறக்கக் கூடாது."

முதல் குழிகள் சரியாகவே வந்தன. ஒவ்வொரு முறையும் அவர் எண்ணைச் சொல்லிவிட்டு வலது பையைக் கவிழ்த்து எண்ணுவார், பொருந்தும், முகம் மலரும். எட்டாவது குழியில், "பாத்தீங்களா, அந்தப் பல்லுப் பிடுங்கி வந்து பாக்கணும்" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பதினோராவது குழி. அங்கே காற்று கடலிலிருந்து குறுக்கே வீசும். பந்து ஒருமுறை பாறை இடுக்கில் போய்ச் சிக்கியது. அவர் குனிந்து, நிமிர்ந்து, மட்டையை மாற்றி, மெல்லத் தட்டி வெளியே எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் வாஷர் பையிலிருந்து பைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கடைசித் தட்டில் பந்து விழுந்தது.

"அஞ்சு" என்றார்.

பையைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் ஏழு வாஷர்கள். விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க போட்டீங்களா?"

"நான் உங்க கிட்டக்கூட வரல."

"பாறை இடுக்குல போச்சா பந்து?"

"போச்சு."

அவர் புல்லில் உட்கார்ந்தார். அவரிடமிருந்து சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. "அப்ப நான் திருடன் இல்ல சகலை" என்றார். அந்தக் குரலில் இருந்த விடுதலையை நான் இன்னும் மறக்கவில்லை. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கையிலிருந்த வாஷர்களைப் பார்த்தபடியே அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"நேத்து" என்றார். "நேத்து ஒரு எட்டு மாடிக் குடியிருப்புல லிஃப்டு பாத்தேன்."

லிஃப்டின் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்கென்று ஒரு மின் இணைப்பு இருக்கிறது. சோதனை செய்யும்போது மெக்கானிக்குகள் ஒரு துண்டுக் கம்பியை அந்த இணைப்பின் இரு முனைகளிலும் மாட்டி அதை ஏமாற்றுவார்கள்; அப்போது கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால், ஒருவர் கால் வைக்கும் நேரத்தில் லிஃப்ட் கிளம்பிவிடலாம். லிஃப்ட் போய்விட்ட தளத்தில் கதவு திறந்தே கிடக்கலாம். இதை அவர் எனக்கு அந்தப் புல்லில் உட்கார்ந்தபடி விளக்கினார். விளக்கும்போது ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

"மாட்டினது ஞாபகம் இருக்கு. கழட்டினது இல்ல."

அடுத்த படகு பிற்பகலில்தான். அந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் இருவர் பேச்சும் எனக்குக் கேட்டது.

"லிஃப்டு மெக்கானிக் பேசறேன். லிஃப்ட நிறுத்தி, மெயின் சுவிட்ச அணைச்சிடுங்க."

"ஏன் சார், நல்லாத்தானே ஓடுது? நேத்து நீங்கதானே பாத்துட்டுப் போனீங்க?"

"நான் பாத்ததுனாலதான் சொல்றேன்."

"எட்டாவது மாடி அம்மா கடைக்குப் போயிருக்காங்க. வந்தா என் தோல உரிச்சிடுவாங்க."

"உரிக்கட்டும். என் நம்பரக் குடுங்க, என்னையும் சேத்து உரிக்கச் சொல்லுங்க. அணைச்சாச்சா?"

"இருங்க சார். போய்க்கிட்டே இருக்கேன். என்ன சொல்லட்டும் கேக்கறவங்களுக்கு?"

லிஃப்ட்காரர் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். "மெக்கானிக்குக்குச் சந்தேகமாம்னு சொல்லுங்க" என்றார்.

படகு வரும்வரை பதினான்காவது குழியருகே காத்திருந்தோம். நாலா பக்கமும் கடல் நீலமாகக் கிடந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கமே பார்த்திருந்தார்.

கரையில் இறங்கியதும் நேராக அந்த எட்டு மாடிக்கு. படியேறினோம், எனக்கு ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியது, அவர் நிற்கவில்லை. மேலே இயந்திர அறையில் பலகையைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கம்பி இல்லை. கழற்றப்பட்டிருந்தது. எல்லாத் திருகுகளும் இறுக்கமாக இருந்தன.

"சரியா இருக்கே" என்றேன்.

"யாரு கழட்டினா?"

"நீங்கதான். வேற யாரு வந்தா இங்க?"

"நான்தான் கழட்டியிருக்கணும்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் அவர் வேறு யாரையோ பற்றிப் பேசுவது போலிருந்தது.

அவர் வீட்டில் நடந்ததில் பாதி என் எதிரில் நடந்தது. மீதி என் கொழுந்தியாள் பிறகு என் மனைவியிடம் சொன்னது. எதுவும் கூட்டிச் சொல்லவில்லை.

"கழட்டியிருக்கீங்கல்ல? அப்புறம் என்ன?" என்றாள் அவள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள். "தல மறந்தாலும் கை மறக்கல. இத்தன வருஷப் பழக்கம்."

"கை ஒரு நாள் மறந்தா?"

"அன்னிக்குப் பாத்துக்கலாம்."

"அன்னிக்குப் பாக்கறதுக்கு ஆள் உயிரோட இருக்கணுமே."

அவள் துணியைக் கீழே போட்டாள். "இங்க பாருங்க. இப்ப ஊரு உங்களத் திருடன்னு சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். விளையாட்டுல நாலு குறைச்சுச் சொன்னான்னு சொன்னா நாளைக்கு மறந்துடுவாங்க. மூளை போயிடுச்சுன்னு ஒரு தடவ சொல்லிட்டா, அப்புறம் நீங்க சொல்றத ஒருத்தனும் நம்ப மாட்டான். உப்பு கேட்டாக்கூட எதுக்குக் கேக்கறாருன்னு பாப்பாங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போய், ஆமா, ஆசையில குறைச்சுத்தான் சொன்னேன், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது. அத்தான், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அவள் பக்கம் இருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் வேலைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று போன் செய்துவிட்டு, பல் டாக்டரின் மருத்துவமனைக்குப் போனார். வீங்கிய கன்னங்களுக்கு நடுவே வரிசையில் உட்கார்ந்தார். டாக்டரே கதவருகே வந்து அவரைக் கண்டதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"என்ன, பல்லா?"

"இல்ல. ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

டாக்டர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: "அவர் எதுக்கு வந்திருக்காருன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். மன்னிப்புக் கேக்கப்போறாருன்னு, எப்படி மன்னிக்கறதுன்னுகூட மனசுல வாக்கியம் தயார் பண்ணிட்டேன். அவர் வாயத் திறந்தாரு. மூடினாரு. உங்க கட்டடத்து லிஃப்ட்ல வராதீங்க டாக்டர், படியேறி வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு." டாக்டர் அதை ஒரு மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் எரிச்சலில் இருந்தாராம்.

அங்கிருந்து லிஃப்ட்காரர் நேராகக் கம்பெனிக்குப் போனார். மேற்பார்வையாளரின் மேஜைமேல், தன் பொறுப்பிலிருந்த இயந்திர அறைகளின் சாவிக்கொத்தை வைத்து, தன் மறதியைப் பற்றிச் சொன்னார். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். தூக்கம் சரியில்லாமல் இருக்கும், ஒரு வாரம் விடுப்பு எடுங்கள், இதை வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம், வேண்டுமானால் இன்னொரு ஆளைக் கூட அனுப்புகிறேன் என்றார்.

"நான் லீவுல போயிடுவேன் சார். நான் பாத்துட்டு வந்த லிஃப்டெல்லாம் லீவுல போகுமா?"

"புகார் எதுவும் வரலையே."

"விழுந்தாத்தான் சார் புகார் வரும். நான் தனியாப் போன இடத்தையெல்லாம் திறந்து பாக்கணும். பாக்கறேன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கப்போறதில்ல."

மதியச் சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மேற்பார்வையாளர் இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பினார். அந்த வாரம் முழுவதும் லிஃப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. படியேறியவர்கள் திட்டினார்கள். காரணம் எப்படியோ கசிந்தது. சக மெக்கானிக்குகள் சிலர் அவர் போன் எண்ணைப் பார்த்தாலே எடுக்காமல் விட்டார்கள். அவர் வீட்டுக் கட்டடத்திலேயே கீழ் வீட்டுப் பெண் தன் பிள்ளையை, "மாமாவத் தொந்தரவு பண்ணாத, அவருக்கு உடம்பு சரியில்ல" என்று உள்ளே இழுத்துக்கொண்டாள். என் கொழுந்தியாள் அதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் சொன்னதுதானே நடந்தது என்று அவரிடம் கேட்டாள். ஆமாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை மேற்பார்வையாளர் போன் செய்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். எல்லா இடமும் பார்த்தாயிற்று, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அந்த ஒன்று, நகரத்துப் பொது நூலகத்தின் லிஃப்ட். பலகைக்குள் துண்டுக் கம்பி மாட்டியபடியே இருந்தது. கழற்றிவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கதவுகள் நல்ல நிலையில் இருந்ததால் பிழைத்தார்கள்.

"நூலகமா?" என்றார் லிஃப்ட்காரர். "நான் எப்ப போனேன் அங்க?"

மூன்று வாரங்களுக்கு முன்பு என்றார் மேற்பார்வையாளர். போனை வைத்த பிறகு லிஃப்ட்காரர் நெடுநேரம் அந்த நூலகத்தின் வாசல் எந்தப் பக்கம், இயந்திர அறைக்கு எந்தப் படியில் ஏற வேண்டும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு எப்படித் தெரியும்? என் கொழுந்தியாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இனிமேல் வேலைக்குப் போக வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.

நரம்பு மருத்துவர் பரிசோதனைகள் செய்து, ஆரம்பம்தான், மெதுவாகத்தான் போகும் என்றார். எங்கே போகும் என்று நாங்கள் கேட்கவில்லை.

பல் டாக்டரிடம் நான்தான் விவரம் சொன்னேன். வாயில் துணி கட்டியிருந்தார். அதைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு காலை படகுத்துறைக்கு லிஃப்ட்காரர் தன் பையோடு வந்தார். ஆடலாம், நடப்பது நல்லது என்று நரம்பு மருத்துவர் சொல்லியிருந்தார். பல் டாக்டர் லிஃப்ட்காரரிடம் போனார். நானும் பேக்கரிக்காரரும் சற்று தள்ளி நின்றோம், ஆனாலும் கேட்டது.

"லிஃப்ட், நான் பேசினது ரொம்பத் தப்பு. என்னை மன்னிக்கணும்."

லிஃப்ட்காரர் கடலைப் பார்த்தார். "நீங்க திருடன்னு சொன்னப்ப எனக்கு வந்த கோவம் இருக்கே டாக்டர், அப்படி ஒரு கோவம். இப்ப நினைச்சுப் பாக்கறேன். நீங்க சொன்னது உண்மையா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்."

படகின் சங்கு ஊதியது. டாக்டர் அவசரமாகக் குனிந்து லிஃப்ட்காரரின் பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொள்ளப் பார்த்தார்.

"கீழ வைங்க" என்றார் லிஃப்ட்காரர், பட்டையைப் பிடித்து இழுத்தபடி. "அதத் தூக்கறது எப்படின்னு எனக்கு இன்னும் தெரியும்."

இரண்டு பேரும் பட்டையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். ஏறுகிறவர்களுக்கு வழி விடுங்கள் என்று படகுக்காரர் சத்தம் போட்டார். டாக்டர் கையை விட்டார்.